மூலையில் சாய்த்து வைத்த டிவி

ஒரு காலத்தில் மார்கழி விடியலில் மயிலாப்பூரில் இரண்டு கூட்டம் கூடும். ஒன்று, மாடவீதியில் பஜனை பாடிக்கொண்டு போகிற கூட்டம். இன்னொன்று ஜனவரி முதல் தேதிக்கென்றே கூடுவது. விவேக்ஸ் கடை வாசலில் ஷட்டரையே பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம். தொண்ணூறுகளில் ஒரு புத்தாண்டன்று அப்பாவோடு அந்த இரண்டாவது கூட்டத்தில் நின்றேன். அப்பா மப்ளர் சுற்றியிருந்தார். ஃபிளாஸ்கில் காபி. பணம் உள்பனியன் பைக்குள். அம்மாவுக்கு மிக்சி வாங்க வந்திருந்தோம். எனக்கோ ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் மேல்தான் கண். மிக்சிதான் வீட்டுக்கு வந்தது.

1965-இல் மயிலாப்பூரில் சின்னக் கடையாகத் தொடங்கியது விவேக்ஸ். அதன் புத்தாண்டுத் தள்ளுபடியை ஊரே ஒரு பண்டிகை போல எதிர்பார்க்கும். அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒளிவுமறைவு கிடையாது. என்ன பொருள், என்ன விலை என்பது விளம்பரமாகப் பேப்பரில் வந்துவிடும். கலெக்டர் வந்தாலும் கண்டக்டர் வந்தாலும் அதே விலை. யாருக்குக் கால் கடுக்க நிற்க முடிகிறதோ அவருக்குப் பொருள். அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் தன் பெண்ணுக்குச் சீர் வைக்க ஃபிரிட்ஜ் வாங்க வந்தவர். ஷட்டர் தூக்குவதற்குள் மாப்பிள்ளையின் சம்பளம் வரை எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்திலேயே இதற்கு நேர் எதிரான கடைத்தெரு ஒன்றும் இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-இல் பாரிமுனைப் பக்கம் உருவான பர்மா பஜார். அங்கே விலை பேப்பரில் இல்லை, கடைக்காரர் வாயில் இருந்தது. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, நடந்துபோவதுபோல் நாலடி வைத்து, அவர் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். பில் கிடையாது. கடைக்காரரின் முகம்தான் வாரண்டி. என் மாமா இதில் கைதேர்ந்தவர். அப்பாவுக்கு அந்த வித்தை கடைசிவரை வரவில்லை. "பேரம் பேசறதுக்கு ஒரு மூஞ்சி வேணும்டா" என்பார்.

இன்று நிலைமை என்ன? வருஷம் முழுக்கத் தள்ளுபடி. பொங்கல், குடியரசு நாள், ஆடி, சுதந்திர நாள், ஆயுத பூஜை, தீபாவளி, நடுநடுவே கடைக்குப் பிறந்தநாள். 2006 ஜனவரி 26-இல் பிக் பஜார் நடத்திய ஒருநாள் மலிவு விற்பனையில் வடக்கே நகரங்கள் திமிலோகப்பட்டன. 2014 அக்டோபர் 6-இல் ஃபிளிப்கார்ட் அந்தத் திருவிழாவைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. அதோடு வரிசைக்கு வேலை போயிற்று. தள்ளுபடிப் போர்டு இல்லாத நாளே இல்லை என்றான பிறகு அந்தப் போர்டுக்கு என்ன மதிப்பு? எழுபது சதவீதம் குறைப்பு என்று எழுதியிருப்பது எம்.ஆர்.பி.-யிலிருந்து போடுகிற கணக்கு. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்சவரம்பு. அந்த விலைக்கு டிவி வாங்கிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நிஜமாகவே குறைந்த விலைக்குப் பொருள் இல்லாமல் இல்லை. போர்டுதான் இல்லை. கடைக்காரர் விலையைக் குறைப்பதற்குக் காரணம் அன்றும் இன்றும் ஒன்றே: விற்காத பெட்டி இடத்தை அடைக்கிறது, அதில் போட்ட முதல் முடங்கிக் கிடக்கிறது. புது மாடல் வந்து இறங்கும்போது பழையது போயாக வேண்டும். ஆனால் அதை வாசலில் எழுதி வைத்தால் புது மாடல் வாங்க வந்தவரும் பழையதன் பக்கம் திரும்பிவிடுவார். அதனால் கடைசி இரண்டு பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழேயோ வாஷிங் மெஷின் வரிசைக்குப் பின்னாலோ சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். சுவரிலிருந்து கழற்றிய டிஸ்பிளே பீஸ், மூலை நசுங்கிய பெட்டி, வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் அங்கேதான்.

அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டிவி வரிசையில் டி-ஷர்ட்டோடு சிரித்துக்கொண்டு வருகிற தம்பி பெரும்பாலும் கடை ஆள் அல்ல. அந்தந்தக் கம்பெனி நிறுத்தியிருக்கும் ஆள். புது மாடலை விற்றால் அவருக்கு ஊக்கத்தொகை. பழைய பெட்டியைப் பற்றி அவர் ஏன் வாய் திறக்கப்போகிறார்? ஃப்ளோர் இன்சார்ஜைத் தேடிப் பிடிக்க வேண்டும். போன வருஷம் நான் கேட்டது இப்படித்தான்:

"சார், டிஸ்பிளே பீஸ் ஏதாவது குடுக்கறீங்களா?"

"புதுசே ஆஃபர்ல இருக்கே சார்."

"டிஸ்பிளேயே போதும். இன்னைக்கே எடுத்துக்கறேன்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு லிஃப்டுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். அன்று மாதக் கடைசி. டார்கெட் முடியாத நாளில் இன்சார்ஜ்களுக்குக் கொஞ்சம் மனம் இளகும் என்பது என் அனுபவம். கைப்பேசியில் ஆன்லைன் விலையைக் காட்டினேன், அவர் கால்குலேட்டரில் ஒரு எண் தட்டிக் காட்டினார், நான் தலையாட்டவில்லை, இன்னொரு எண் தட்டினார். மாமாவின் வித்தை! பர்மா பஜார் இடம் பெயர்ந்து ஏ.சி. போட்ட ஷோரூமுக்குள் வந்துவிட்டது. பில்லோடு, ஜி.எஸ்.டி.-யோடு.

டிஸ்பிளே டிவியில் ஒரு கணக்கு உண்டு. கடையில் அது நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும். முந்நூறு நாள் தொங்கியிருந்தால் 3,000 மணி நேரம். வீட்டில் தினம் நாலு மணி நேரம் பார்ப்பவருக்கு அது 750 நாள், அதாவது இரண்டு வருஷ உழைப்பு. விலை அதற்குத் தக்கபடி குறைந்திருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்தான் குறைப்பார்கள் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கடையில் படம் பளீரென்று தெரிவது ஷாப் மோடில் வைத்திருப்பதால். வீட்டு மோடுக்கு மாற்றச் சொல்லி, வெள்ளைத் திரையில் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) இதெல்லாம் பார்த்தேன், ஸ்டாண்டின் கால்களைப் பார்க்க மறந்தேன். ஒரு கால்தான் இருந்தது. மூன்று வாரம் டிவி பீரோவில் சாய்ந்தபடி செய்தி வாசித்தது.

பெட்டியில் உற்பத்தி மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். சட்டப்படி இருந்தாக வேண்டும். பேரத்துக்கு அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. ஏ.சி. என்றால் நட்சத்திர லேபிளில் எந்தக் காலத்து லேபிள் என்பதையும் பார்க்கலாம். 2022 ஜூலையில் ஏ.சி.-க்கான அளவுகோலை இறுக்கினார்கள்; அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தது நாலாக இறங்கியது. இயந்திரம் அதேதான், கரண்டும் அதே அளவுதான் இழுக்கும். நட்சத்திரத்தை எண்ணாமல், லேபிளில் மின்சிக்கனத்தைக் காட்டும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை ஒப்பிட்டு வாங்கியவர்கள் பிழைத்தார்கள்.

வரி மாறும் நாட்களும் இப்படித்தான். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய ஜூனில், பழைய வரி கட்டிய சரக்கைத் தள்ளிவிடக் கடைகள் துடித்தன. புத்தாண்டு வரிசைக்குப் பிறகு அவ்வளவு கூட்டத்தை நான் அந்த மாதம்தான் பார்த்தேன். 2025 செப்டம்பர் 22-இல் ஏ.சி.-க்கும் பெரிய டிவிக்கும் வரி 28-லிருந்து 18 சதவீதமானது. வரிக்கு முன் 30,000 ரூபாய் உள்ள ஏ.சி. 38,400-லிருந்து 35,400-க்கு இறங்கும். 32 அங்குல டிவிக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு 2019 ஜனவரியிலேயே 18 ஆகிவிட்டது. ஆனால் "வரி குறைஞ்சிடுச்சு சார்" என்று அவரிடமும் விற்றார்கள்.

எது தேவலை? அப்பாவின் வரிசைதான் என்பேன். பேசத் தெரியாதவருக்கும் அங்கே நியாயம் இருந்தது. இன்று கேட்கத் தெரிந்த எனக்கு ஒரு விலை, கூச்சப்படுகிற பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு விலை. போன மாதம் அவரோடு துணைக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

ஆடியில் கல்யாணம் காட்சி இல்லை, வெயிலும் தணிகிறது, ஏ.சி. மிஞ்சிப்போயிருக்கும். கேட்டுப் பாருங்கள். டிஸ்பிளே பீஸ் என்றால் சீரியல் நம்பரையும் வாரண்டி எத்தனை நாள் என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்ல அது வேண்டும். டிவிக்குப் போகிறவர்கள் படம் ஓட்டிப் பார்க்க ஒரு பென்டிரைவும் இரண்டு பேட்டரியும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூலையில் கிடக்கிற டிவிக்கு ரிமோட் கிடைத்துவிடும், அதற்குள் பேட்டரி இருக்காது.