சாப்பிடாத நாய்: அடமா, நோயா?

"நாலு நாளா சாப்பிடல டாக்டர். ரொம்ப அடம் பிடிக்குது." மழைக்காலம் தொடங்கியதிலிருந்து என் கிளினிக்கில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். நாயை மேசையில் ஏற்றி உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கிறது. காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி. அந்த நாலு நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்தால், எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதல் நாள் பாக்கெட் உணவைத் தொடவில்லை என்று தயிர்சாதம் வைத்தார்கள். அதுவும் வேண்டாம் என்றதும் சிக்கன் வேகவைத்துப் போட்டார்கள். பிறகு பால், பிறகு ஐஸ்கிரீம். சாப்பாட்டை நாலு முறை மாற்றியவர்களில் ஒருவர்கூட நாயின் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

இன்னொரு பக்கம், நல்ல ஆரோக்கியமான பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்து, "எதுவுமே சாப்பிடறதில்லை, பசி மருந்து எழுதிக் கொடுங்க" என்பவர்களும் உண்டு. அந்த நாய் எடை கூடிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். நோயுற்ற நாயை அடம் என்கிறோம், அடம் பிடிக்கும் நாய்க்கு மருந்து கேட்கிறோம். இந்தத் தடுமாற்றத்தில் உயிர்கள் போகின்றன.

வித்தியாசம் எங்கே தெரியும்?

அடம் என்பது பழக்கம். மாதக்கணக்கில் இருக்கும். அந்த நாய் சோற்றை மோந்து பார்த்துவிட்டு நகரும், ஆனால் கறி வாசனை வந்தால் ஓடி வரும். கேட் திறக்கும் சத்தத்துக்குக் குரைக்கும், பந்தைத் துரத்தும், எடை குறையாது.

நோய் திடீரென வரும். நேற்றுவரை தட்டை நக்கிய நாய் இன்று தலையைத் திருப்பிக்கொண்டால், அதுவும் தனக்கு மிகப் பிடித்ததையே வேண்டாம் என்றால், அதை அடம் என்று சொல்லாதீர்கள். லேப்ரடார்களில் கணிசமானவற்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவிலேயே ஒரு மாற்றம் உண்டு என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் எப்போதும் பசியோடு அலையும் அப்படிப்பட்ட நாய் ஒரு வேளை சாப்பாட்டை ஒதுக்கினாலே நான் சந்தேகப்படுவேன்.

தட்டுவரை ஆசையாக வந்து, வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போகும் நாய்க்குப் பல்வலியோ வாய்ப்புண்ணோ இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றே அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய அவசரம். வயதான நாய் நிறையத் தண்ணீர் குடித்து, வாய் நாறி, சோற்றை வெறுத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணி பரப்பும் பபீசியாவாக இருக்கலாம். மூக்கில் ரத்தம் வடிந்தால் இன்னொரு உண்ணி நோயான எர்லிக்கியாவை நினைக்க வேண்டும். கண்ணும் ஈறும் மஞ்சளாக இருந்தால், எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும் அந்தப் பட்டியலில் உண்டு. அது மனிதருக்கும் தொற்றும்.

கணக்கு எளிது. வளர்ந்த நாய் சுறுசுறுப்பாக இருந்து ஒரு வேளையைத் தவறவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். ஒரு முழு நாள் தாண்டினால் கொண்டு வாருங்கள். வாந்தி, கழிச்சல், சோர்வு இருந்தாலோ, தண்ணீரும் குடிக்காவிட்டாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். குட்டிக்கு அந்தப் பொறுமையும் கூடாது. வாந்தியோடும் ரத்தக் கழிச்சலோடும் சோற்றை மறுக்கும் குட்டிக்கு பார்வோ வைரஸ் தொற்று இருக்கலாம், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வீடுதோறும் உலவும் நம்பிக்கைகள்

"மூக்கு ஈரமா இருக்கு, அதனால ஒண்ணும் இல்லை." கடுமையான காய்ச்சலில் இருக்கும் நாய்க்கும் மூக்கு ஈரமாக இருக்கலாம். தூங்கி எழுந்த ஆரோக்கியமான நாய்க்கு மூக்கு காய்ந்திருக்கலாம். மூக்கைத் தொட்டுப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நாயின் இயல்பான சூடு சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் உடம்பைவிட அது சூடாகத்தான் இருக்கும். கையால் தொட்டுவிட்டுக் காய்ச்சல் என்று முடிவு செய்வதும் தவறு.

"பூச்சி இருக்கும், பூச்சி மருந்து கொடுத்தா சரியாயிடும்." சாப்பிடாத ஒவ்வொரு நாய்க்கும் முதலில் இதைத்தான் கொடுக்கிறார்கள். ரத்தக் கழிச்சலில் துவண்ட குட்டிக்கும் இதைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நாளை பார்வோ வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது.

"பாலாவது குடிக்கட்டும்." வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. ஏற்கெனவே வயிறு கெட்ட நாய்க்குப் பாலை ஊற்றினால் கழிச்சல் அதிகமாகி உடம்பில் இருக்கும் நீரும் போகும். வாயைத் திறந்து வலுக்கட்டாயமாக ஊட்டுவது அதைவிட மோசம். ஊட்டியது நுரையீரலுக்குள் போய், நிமோனியா வந்த நாயோடு வந்து நிற்கிறார்கள்.

"பிரியாணி சால்னா கலந்தா சாப்பிடும்." சாப்பிடும்தான். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது. இவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும், வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியவை. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

"தயிர்சாதம் போதும், எங்க நாய் சைவம்." நாய்க்குச் சோறு செரிக்கும், அதில் தவறில்லை. ஆனால் தினமும் வெறும் தயிர்சாதம் என்றால் புரதம் போதாது. முட்டையாவது சேருங்கள்.

இன்னொரு நம்பிக்கைதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது. நாய் சாப்பிடவில்லை, எச்சில் வடிகிறது, தாடை தொங்குகிறது, குரல் மாறிவிட்டது. உடனே "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு" என்று வெறும் கையை வாய்க்குள் விடுகிறார்கள். இவை ரேபிஸின் அறிகுறிகளாக இருக்கலாம். தயவுசெய்து கையை விடாதீர்கள். விட்டிருந்தால், எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மனித மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்கு மருந்து இல்லை.

மருந்து டப்பாவைத் தொடாதீர்கள்

"காய்ச்சல் மாதிரி இருந்துச்சு, ஒரு மாத்திரை கொடுத்தோம்." எந்த மாத்திரை என்று கேட்டால் நமக்கு எழுதிக் கொடுத்த பாராசிட்டமால். 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 5 கிலோ நாயின் வயிற்றுக்குள் போனால், கிலோவுக்கு 130 மில்லிகிராம். அது கல்லீரலைக் கெடுக்கும் அளவு. இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் குடலில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சர்க்கரை சேர்க்காத சில சிரப்புகளில் சைலிட்டால் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு பார்க்காமல் நாயின் முதுகில் ஊற்றி, வலிப்போடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மருந்துக்கடைக்காரர் நாயைப் பார்க்கவில்லை. யூடியூபில் பேசுபவரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய சீட்டு உங்கள் நாய்க்கு எழுதியதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் குறையவில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நாங்களே நாயை மேசையில் பார்த்த பிறகு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ரத்தத் தடவல், கல்லீரல்–சிறுநீரகப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் எல்லாம் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்கிறோம்.

உண்மையிலேயே அடம்தான் என்றால்

பரிசோதனையில் எல்லாம் சரி என்று தெரிந்தபின், குறை பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வளரும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 600 கலோரி. நூறு கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறக்குறைய 450 கலோரி இருக்கிறது. காலை டீயோடு அப்பா இரண்டு, பள்ளிவிட்டு வந்த பிள்ளை நாலு, டிவி பார்க்கும் பாட்டி மூன்று என்று கொடுத்துவிட்டு ராத்திரி சோற்றை வைத்தால் அது ஏன் சாப்பிடப் போகிறது? மறுத்தால் இதைவிட ருசியானது வரும் என்பதையும் நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

வேளைக்கு வையுங்கள், காலையும் மாலையும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைவரை தண்ணீர் மட்டும். சாப்பாட்டுக்கு முன் ஒரு நடை கூட்டிப் போங்கள், சோற்றை லேசாக வெதுவெதுப்பாக்குங்கள், வாசனை எழும். கோடையில் வெயில் ஏறுமுன்னும் இருட்டிய பிறகும் வைத்தால் நன்றாகச் சாப்பிடும். உணவை மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இது நடக்காது. மேசைக்கு அடியில் ஒரே ஒரு கை நீண்டாலும் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

இந்த முறை ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு மட்டும். குட்டிகளையும் மிகச் சிறிய இன நாய்களையும் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை விழுந்து மயங்கிவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை ஓட்ட நாய்கள், ஒல்லியாக இருப்பது அவற்றின் இயல்பு. விலா எலும்பு லேசாகத் தெரிவதைப் பார்த்து, "சாப்பிடறதே இல்லை" என்று பயந்து திணிக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், அது போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தினமும் ஐந்து நிமிடம் நாயைத் தடவிக் கொடுக்கும்போது உண்ணி தேடுங்கள். நாயின் மேலிருப்பதை மட்டும் எடுத்தால் போதாது. சுவர் விரிசலிலும் படுக்கும் இடத்திலும் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது, அங்கேயும் மருந்து வேண்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியைத் தொடங்குங்கள், பதினாறு வாரம்வரை தவணைகளை விடாதீர்கள். ரேபிஸ் ஊசியை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போடுங்கள். குட்டி வேண்டாம் என்றால் பெண் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப் போடுபவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இன்று ராத்திரி உங்கள் நாய் வழக்கமான சாப்பாட்டை ஒதுக்கினால் ருசியாக வேறொன்று சமைக்க ஓடாதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.