தன் உடலைத் தானே பார்த்தவன்

குதிரையும் துப்பாக்கியுமாக ஓடும் கௌபாய் கதைக்குள் காலப்பயணம் புகுந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் அதைச் செய்து பார்த்தது.

நாயகன் ஜோனா ஹெக்ஸ். 1972-இல் எழுத்தாளர் ஜான் அல்பானோவும் பிலிப்பைன்ஸ் ஓவியர் டோனி டிசூனிகாவும் படைத்த பாத்திரம். முகத்தின் வலப்பாதி வெந்து சிதைந்திருக்கும். அந்தப் பக்கம் மேலுதட்டையும் கீழுதட்டையும் ஒரு தசைநார் இழுத்துப் பிடித்திருக்கும். தலைக்கு விலை வைக்கப்பட்ட கொலைகாரர்களைத் தேடிப் பிடிப்பதுதான் பிழைப்பு.

1978-இல் வந்த சிறப்பிதழ் அவன் முடிவையே சொல்லிவிட்டது. 1904-இல் முதியவனாகச் சுட்டுக் கொல்லப்படுகிறான். உடலைப் பாடம் செய்து காட்சிக்கு வைக்கிறார்கள்.

ஆனால், 1985-இல் தொடங்கிய ‘ஹெக்ஸ்’ தொடர் அவனை 2050-ஆம் ஆண்டுக்குத் தூக்கிப்போட்டது! பாழடைந்த பூமி, மோட்டார் சைக்கிள் கும்பல்கள். அதன் கடைசி இதழில், பாடம் செய்யப்பட்ட தன் உடலைத் தானே நேருக்கு நேர் பார்க்கிறான் ஹெக்ஸ். அப்படியென்றால் எப்படியும் தன் காலத்துக்கே திரும்பிவிடுவோம் என்று அவனுக்குப் புரிகிறது. தன் சாவைக் கண்டவனுக்கு அதுவே நம்பிக்கை ஆகிறது. காமிக்ஸில் இப்படியொரு முடிச்சு அபூர்வம்.

18 இதழ்களோடு 1987-இல் அந்தத் தொடர் நின்றது.