தோலும் சவ்வும்

பச்சைத்தோலைச் சும்மா போட்டுவைத்தால் சில நாட்களில் அழுகி நாறும். அதே தோல் குரோமிய உப்புக் கரைசலில் ஊறி வந்தபின் வெந்நீரையும் தாங்குகிறது. இம்மாயம் எப்படி நிகழ்கிறது? தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளைக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களுக்குச் சோறு போடும் வேதியியல் இதுவே.

இதே பிணைப்புக் கலை ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்திலும் இன்று தேவைப்படுகிறது. இக்கலத்தின் நடுவே தாளினும் மெல்லிய பாலிமர் சவ்வு ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஹைட்ரஜனைச் செலுத்தினால் பிளாட்டினம் அதைப் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிக்கும். சவ்வு புரோட்டானுக்கு மட்டுமே வழிவிடும். எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போகவேண்டும். அந்த ஓட்டமே மின்சாரம். மறுபக்கத்தில் இரண்டும் ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன. புகையே இல்லை! 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டில் நம் இஸ்ரோ இத்தகைய கலத்தை விண்வெளியில் சோதித்தது.

சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான் நகரும். ஈரம் மிகுந்தால் சவ்வு ஊதிக் கிழியும். சூடு 100 டிகிரியைத் தாண்டினால் காய்ந்து வழியடைக்கும். (அப்பளம் படும் பாடுதான்!) 1965இல் ஜெமினி-5 விண்கலத்தில் வைத்த பாலிஸ்டைரீன் சவ்வு சிதைந்ததால், கலத்தில் உண்டான நீரை வீரர்கள் குடிக்க முடியாமற் போயிற்று. பின்னர் டூபாண்ட் நிறுவனத்தின் நாஃபியான் வந்தது. கார்பனும் ஃப்ளூரினும் அதில் இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் எதுவும் அதை அரிக்காது.

ஆனால் அழியாத பொருள் ஆற்றில் கலந்தால் என்னாகும்? அமெரிக்காவின் வட கரோலினாவில் நாஃபியான் செய்யும் ஆலையின் கழிவு கேப் ஃபியர் ஆற்றில் சேர்ந்தது. அந்நீரைக் குடித்த வில்மிங்டன் நகரத்தாரின் இரத்தத்திலேயே நாஃபியானின் துணைப்பொருள் இருந்ததாக 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நமக்கு இது புதுக்கதையா? தோல் கழிவால் பாலாறு கெட்டு, வேலூர் குடிமக்கள் நலமன்றம் வழக்குத் தொடுத்து, மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே!

எனவே ஃப்ளூரின் இல்லாத பாலிமர்களையே மேம்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம். அவற்றில் புரோட்டான் நன்கு ஓட சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளைக் கூட்டுகின்றனர். கூடிப்போனால் சவ்வு வெந்நீரில் ஊதிக் கரையும். ஆகவே தோலைப் பதனிடுவது போலவே இழைகளைக் குறுக்கே பிணைக்கின்றனர். மிகையாகப் பிணைத்தாலோ சவ்வு விறைத்துப் புரோட்டானும் தடைப்படும். கலத்தினுள் தோன்றும் ஹைட்ராக்சில் என்னும் முரட்டுத் துணுக்குகளும் இச்சவ்வுகளை விரைவில் அரிக்கின்றன. அவற்றை அடக்கச் சீரியம் என்ற உலோகத்தைச் சிறிதளவு சேர்த்துப் பார்க்கின்றனர்.