சும்மா ஓடும் கம்ப்யூட்டருக்கும் சாம்பல் உண்டு
(வடசென்னைக் கணக்கு – 9)

கத்திவாக்கத்துக்காரர்களுக்குச் சாம்பலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1970இல் ஓடத் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31இல் மூடப்பட்டது. அதனால் சாம்பல் நின்றுவிடவில்லை. கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறதே. ஒடிசா நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, அங்கே எரிகிறது. எரிந்த மிச்சம் தண்ணீரில் கலந்து குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையில் சாம்பல் படிந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மின்சாரம் போய்ச் சேரும் இடங்களில் ஒன்றை இந்த வாரம் பார்ப்போம். அது பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறை.

கல்லூரி ஆய்வகச் சுவர்களில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். பாஸ்வேர்டை அடுத்தவருக்குச் சொல்லாதீர், சினிமா இறக்காதீர், அடுத்தவர் ஃபைலைத் தொடாதீர். பின்னால் சட்டமும் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43, 66. அனுமதியில்லாமல் தீய நோக்கத்தோடு கை வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வேண்டிய விதிகள்தான். ஆனால் எல்லாமே திருடனைப் பிடிப்பதற்கானவை. எனக்கென்னவோ திருடர்களைவிட யோக்கியர்கள் வைக்கும் நஷ்டம்தான் பெரிதாகத் தெரிகிறது.

திருட்டு நடக்காமல் இல்லை. அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சியாளர், அரசுப் பணத்தில் ஓடிய இரண்டு பல்கலைக்கழகங்களின் சூப்பர் கம்ப்யூட்டர்களில் ரகசியமாக பிட்காயின் தோண்டினார். 2014இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதை வெளியிட்டது. அவர் விழுங்கிய கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பு 1,50,000 டாலருக்கு மேல். அதில் கிடைத்த பிட்காயின் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் டாலர் பெறும். அதே ஆண்டு ஹார்வர்டில் ஒருவர் டோஜ்காயின் தோண்டி மாட்டிக்கொண்டார். பிடிபட்டவர்களுக்குக் கதவு மூடப்பட்டது.

இவர்களுக்காவது கையில் ஏதோ கிடைத்தது. யோக்கியருக்கு அதுவும் இல்லை. கனமான கணக்குகளை ஓட்டும் ஜிபியு கார்டு ஒன்று போதும் என்ற வேலைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று எட்டு கார்டுகளைக் கேட்டு வாங்குவார். கோடு எழுதும் நோட்புக் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவார். கணக்கு ஓடாது, கார்டுகள் மட்டும் அவர் பெயரில் கிடக்கும். வரிசையில் நிற்கும் பத்துப் பேர் திங்கள் வரை காத்திருப்பார்கள். பிறகு துறைத் தலைவர் 'மெஷின் போதவில்லை' என்று புது மெஷினுக்குக் கோப்பு அனுப்புவார். இன்னொரு ரகம் உண்டு. புரோகிராம் கோடில் ஒரு பிழை. இரண்டாம் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். சின்னத் தரவில் சோதித்துப் பார்க்காமல் முழுத் தரவையும் ஏற்றி இரண்டு நாள் ஓட்டி, குப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டுவது. நடுவில் சேமித்துக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தாமல், பவர் போனதும் முதலிலிருந்து தொடங்குவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பென்சிலை எடுப்போம். என்விடியாவின் எச்100 கார்டு முழு வேகத்தில் 700 வாட் வரை இழுக்கும். எட்டு கார்டு என்றால் 5.6 கிலோவாட். ஒரு நாள் ஓடினால் 134 யூனிட். இது கார்டுகளுக்கு மட்டும். மின்விசிறி, பிராசசர், ஏசி எல்லாம் தனி. நம் அனல் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி என்று வைத்துக்கொண்டால் 94 கிலோ. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக, தப்பான கோடு ஒரு நாள் முழு வேகத்தில் ஓடினால் முப்பது கிலோ சாம்பல். 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம். சும்மா கிடக்கும் கார்டு இவ்வளவு இழுக்காது, ஆனால் பூஜ்யமாகவும் ஆகாது.

கிண்டியில் ஓடும் சர்வருக்கு அத்திப்பட்டு மின்சாரம்தான் போகிறது என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. காற்றாலை, கூடங்குளம், நெய்வேலி எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வருகின்றன. மறுக்கவில்லை. ஆனால் காற்று ஓய்ந்து வெயிலும் சாய்ந்த இரவில் பாரத்தைச் சுமப்பதில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் வேலையை ஏற்றிவிட்டுத் தூங்கப் போவதும் அந்த நேரத்தில்தான்.

இந்த அலட்சியம் எப்போதும் இருந்ததல்ல. 1973இல் சென்னை ஐஐடிக்கு ஜெர்மன் உதவியோடு ஐபிஎம் 370/155 வந்தது. அன்று இந்தியக் கல்வி நிறுவனங்களில் அதுவே பெரிய இயந்திரம். புரோகிராமைத் துளை அட்டைகளில் குத்தி, கட்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா தவறினால் விடை வராது, முறை போய்விடும். அதனால் கொடுக்கும் முன் காகிதத்தில் வரி வரியாகப் பார்ப்பார்கள். அந்த வகை இயந்திரங்களில் வேலையின் தலைப்பு அட்டையிலேயே யார் கணக்கில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் என்று எழுதலாம். நேரம் தாண்டினால் இயந்திரமே வெட்டிவிடும். அன்றைய மாணவர்கள் ஒன்றும் மகான்கள் அல்ல. கணக்கு கண்ணெதிரே இருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் அதைச் செய்யலாம், புதிதாக எதுவும் வாங்காமல். வரிசையை நிர்வகிக்கும் மென்பொருளில் நேர வரம்பு வைக்க வசதி இருக்கிறது. இரண்டு மணி நேரம் அசைவில்லாத கார்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மாணவருக்கு ஒரு மெயில்: 'இத்தனை கார்டு, இத்தனை மணி, இத்தனை யூனிட்.' மாதக் கடைசியில் அதே பட்டியல் அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டிக்கும் போகட்டும். திட்டுவதற்காக அல்ல. மின்கட்டணத்தை நிறுவனம் கட்டிவிடுவதால், இத்தனை யூனிட் போனதென்று அவர்கள் இருவருக்குமே இதுவரை தெரியாது.

இதைப் படிப்பவர்களில் ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வேலையை ஏற்றும் முன் பத்து நிமிடம் சின்னத் தரவில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் பெயரில் சும்மா கிடக்கும் கார்டு இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் செப்பாக்கம் போவோம்.