ஒப்பந்தத்திலிருந்து பிறக்கும் நிரல்

கைப்பேசியில் இருக்கும் ஒரு செயலி, புத்தகக் கடையின் சர்வரிடம் ஒரு புத்தகத்தைப் பற்றி விசாரிக்கிறது. கேள்வியை எந்த முகவரிக்கு அனுப்புவது? புத்தகத்தின் எண்ணை எங்கே வைப்பது? பதிலில் விலை எண்ணாக வருமா, எழுத்தாக வருமா? அப்படியொரு புத்தகமே இல்லையென்றால் சர்வர் என்ன சொல்லும்? இத்தனைக்கும் இரு தரப்பும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். அந்த உடன்பாடுதான் ஏபிஐ. செயலியை எழுதியவர் ஒருவர், சர்வரை எழுதியவர் வேறொருவர். ஒருவருடைய மொழி கோட்லின், மற்றவருடையது பைத்தான். இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளாமலே போகலாம்.

இந்த உடன்பாடு பெரும்பாலும் ஓர் ஆவணமாகத்தான் இருந்து வந்திருக்கிறது. சர்வர் தரப்பு எழுதி வைக்கும். செயலித் தரப்பு அதைப் படித்து, தனக்குப் புரிந்தபடி நிரலாக்கும். பத்துக் கேள்விகள் என்றால் சமாளித்துவிடலாம். கிட்ஹப் நிறுவனம் 2020-இல் தன் ஏபிஐயின் முழு விவரிப்பை வெளியிட்டபோது அதில் 600-க்கும் மேற்பட்ட செயல்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முகவரி கட்டி, உள்ளீட்டைச் சரிபார்த்து, பதிலைப் பிரித்து, பிழைகளைக் கையாளும் நிரலை ஒவ்வொரு மொழியிலும் கையால் எழுதுவதென்றால் ஒரு குழு மாதக்கணக்கில் உட்கார வேண்டும். எழுதி முடிப்பதற்குள் ஏபிஐ மாறியிருக்கும். இத்தனை உழைப்பிலும் சிந்திக்க வேண்டியது கொஞ்சம்தான், தவறு நேர்வதற்கான இடமோ ஏராளம்.

ஆவணத்தை மனிதருக்குப் பதிலாக ஒரு நிரலே படித்துவிட்டால்?

இந்தக் கேள்விக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆண்ட்ரூ பிர்ரெல், புரூஸ் நெல்சன் என்ற இருவர், வேறொரு கணினியில் இருக்கும் செயல்முறையைத் தன் கணினியில் இருப்பதுபோலவே அழைக்க ஒரு வழி தேடினார்கள். வலையமைப்பில் தகவல் அனுப்பும் நுணுக்கங்கள் அன்று ஒரு சில வல்லுநர்களுக்கே கைவந்தவை. மற்ற நிரலாளர்களையும் அந்த வேலைக்குள் கொண்டுவருவதே அவர்களுடைய நோக்கம். 1984-இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரையில் லூபின் என்ற கருவி வருகிறது. மேசா மொழியில் நிரலாளர் இடைமுகத்தை மட்டும் எழுதித் தருவார்: செயல்முறையின் பெயர் இது, உள்ளே போவது இது, வெளியே வருவது இது. அதைப் படித்து, அழைக்கும் கணினிக்கு ஒன்றும் பதில் தரும் கணினிக்கு ஒன்றுமாக இரண்டு இணைப்பு நிரல்களை லூபின் தானே எழுதிவிடும். எண்களைப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவதும் மறுமுனையில் பிரிப்பதும் அந்த இரண்டின் பொறுப்பு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆர்பிசிஜென் கருவியும் இதே வழியில் வந்ததுதான்.

இணையக் காலத்தில் இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது ஓர் அகராதி என்பது சுவையான செய்தி. வேர்ட்னிக் என்ற இணைய ஆங்கில அகராதி, தன் சொற்களஞ்சியத்தை மற்ற செயலிகளும் பயன்படுத்த ஏபிஐ வழியாகத் திறந்து வைத்திருந்தது. அங்கே பணியாற்றிய டோனி டாம், அந்த ஏபிஐயை இயந்திரம் படிக்கும் வடிவில் விவரிக்க ஸ்வாகர் என்ற முறையை உருவாக்கினார். ஒரே விவரிப்பிலிருந்து மனிதர் படிக்கும் விளக்கப் பக்கமும் வரும், செயலிக்கான நிரலும் வரும். 2015-இல் ஸ்வாகரின் வரையறை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த பொதுக் கூட்டமைப்பிடம் போனது. மறு ஆண்டே ஓப்பன்ஏபிஐ என்று பெயர் மாறியது. 2018-இல் 40-க்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்கள் ஸ்வாகரின் நிரல் எழுதும் கருவியான நிரலாக்கியிலிருந்து தனியாகப் பிரிந்து ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டரைத் தொடங்கினார்கள். திறமூலமாக வளர்ந்துவரும் இந்தக் கருவி இன்று ஜாவா, பைத்தான், கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் எனப் பல மொழிகளில் நிரல் தருகிறது.

இதன் உள்வேலை எளிமையானது. ஸ்கீமா எனப்படும் விவரிப்புக் கோப்பைக் கருவி முதலில் படித்து, எந்தெந்த முகவரிகள், எந்தெந்தப் பொருள்கள், அவற்றின் புலங்கள் என்னென்ன என்று மரக்கிளைபோலப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தொகுதி வார்ப்புருக்கள் தயாராக உள்ளன. அச்சகத்தில் அடுக்கி வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரியில் மணமக்கள் பெயருக்கு இடம் விட்டிருப்பதைப்போல, இவற்றிலும் பெயருக்கும் வகைக்கும் வெற்றிடம் விட்டிருக்கும். மரத்திலிருந்து எடுத்து அந்த இடங்களை நிரப்பினால் நிரல் தயார்.

சிரமம் தருவது மொழிகளின் வீட்டு விதிகள்தான். ஒரு பணப் பரிமாற்றத்தில் யாரிடமிருந்து பணம் வந்தது என்பதைக் குறிக்க 'ஃப்ரம்' என்று ஒரு புலத்துக்குப் பெயர் வைப்பது இயல்பு. பைத்தானில் அது மொழிக்கென்றே ஒதுக்கப்பட்ட சொல். அப்படியே எழுதினால் நிரல் ஓடாது. சில கருவிகள் பெயரோடு ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துத் தப்பிக்கின்றன. தகவலைச் சுருக்கி அனுப்பக் கூகுள் உருவாக்கிய புரோட்டோபஃப் முறை பெயரை மாற்றுவதில்லை, அந்தப் புலத்தை எடுக்க மட்டும் சுற்றுவழி ஒன்றைச் சொல்கிறது. இப்படி ஒவ்வொரு மொழியின் விதிகளையும் தெரிந்து வைத்திருப்பதில்தான் நல்ல நிரலாக்கியின் தரம் தெரியும்.

புரோட்டோபஃப் 2001-இல் கூகுளின் உள்வேலைக்காகத் தொடங்கி, 2008-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் ஸ்கீமாவில் ஒவ்வொரு புலத்துக்கும் பெயரோடு ஓர் எண்ணும் கொடுக்க வேண்டும். விலை முதல் புலம், அதன் எண் 1, மதிப்பு 150 என்று கொள்வோம். தகவலை எழுத்தாகவே அனுப்பும் ஜேசான் வடிவில் 'ப்ரைஸ்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் சேர்த்து அனுப்பினால் 13 பைட்டுகள் ஆகும். புரோட்டோபஃப் அனுப்புவது மூன்றே பைட்டுகள். பதினாறடிமான எண்முறையில் எழுதினால் 08 96 01. முதல் பைட் 'முதல் புலம், முழு எண் வருகிறது' என்கிறது. அடுத்த இரண்டும் 150. ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டுகள் எண்ணுக்கு, எட்டாவது பிட் 'இன்னும் இருக்கிறது' என்று சொல்வதற்கு. எனவே 96 என்பதில் 22 இருக்கிறது, 01 என்பது 128. இரண்டும் சேர்ந்தால் 150.

புலத்தின் பெயர் கம்பியில் போவதே இல்லை. போவது எண் மட்டும்தான். இதனால் பெயரைப் பிறகு மாற்றிக்கொண்டாலும் இந்த மூன்று பைட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணை மாற்றினால் பழைய செயலிகளுக்கு விலை கிடைக்காமல் போகும், அல்லது அதை வேறொன்றாகப் படித்துவிடும். ஒரு புலத்தை நீக்கினால் அதன் எண்ணை ஒதுக்கப்பட்டது என்று ஸ்கீமாவிலேயே குறித்து வைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. மறந்துபோய் யாராவது அதே எண்ணை மறுபடி போட்டால், நிரலாக்கி நிரல் தர மறுத்துவிடும்.

ஸ்கீமா சரி, நிரலும் சரி, ஆனாலும் தகவல் கெடுவதுண்டு. ட்விட்டர் 2010-இல் தன் பதிவுகளுக்கு 64 பிட் அடையாள எண்களைக் கொடுக்கத் தொடங்கியது. சர்வருக்கு அது வெறும் பெரிய எண். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டோ எண்களை இயல்பாகத் தசம எண்ணாகவே வைத்துக்கொள்ளும் மொழி. 9,00,71,99,25,47,40,992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் அதனால் துல்லியமாகப் பிடித்து வைக்க முடியாது. அடுத்த எண்ணான 993-இல் முடிவதை எழுதினால் திரும்பக் கிடைப்பது 992-இல் முடிவதுதான். பிழைச் செய்தி எதுவும் வராது. கடைசி இலக்கங்கள் மாறிப்போன அடையாள எண் உரிய பதிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பி ட்விட்டர் சமாளித்தது. புரோட்டோபஃபின் ஜேசான் விதியும் 64 பிட் எண்களை மேற்கோள் குறிக்குள் எழுதச் சொல்கிறது.

நிரலாக்கிகளுக்கு இதைவிடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1998 டிசம்பரில் ஏவப்பட்டது. அதன் உந்துகலன்கள் எவ்வளவு தள்ளின என்ற கணக்கைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் கோப்பாகத் தந்தது, இன்னொரு குழு அதைப் படித்து விண்கலத்தின் பாதையைக் கணித்தது. அந்தக் கோப்பில் மெட்ரிக் முறையின் நியூட்டன் கணக்கு வர வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. வந்ததோ பவுண்டுக் கணக்கு. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வித்தியாசம். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய விண்கலம், 57 கிலோமீட்டருக்கு இறங்கித் தொலைந்துபோனது. மனிதர் படித்து மனிதர் நிரலாக்கும் ஆவணம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு இல்லை. அதே நேரத்தில், ஸ்கீமாவில் 'இந்தப் புலம் ஒரு தசம எண்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த நிரலாக்கியும் அந்த விண்கலத்தைக் காப்பாற்றியிருக்காது. பவுண்டும் தசம எண், நியூட்டனும் தசம எண். புலத்தின் பெயரிலேயே அலகையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கூகுளின் ஏபிஐ வடிவமைப்பு விதிகள் வற்புறுத்துவதன் நியாயம் இங்கே விளங்கும்.

இப்படிப் பிறந்த கோப்புகளின் தலையில் 'இது கருவி எழுதியது, திருத்தாதீர்கள்' என்று ஒரு வரி இருக்கும். கோ மொழியில் அந்த வரிக்கு முறைப்படியான வடிவமே உண்டு, மற்ற கருவிகளும் அதைப் பார்த்து அந்தக் கோப்பை இனம் காண்கின்றன. அவசரத்தில் அங்கே கைவைத்தால் அடுத்த முறை கருவி ஓடும்போது திருத்தம் போய்விடும். திருத்த வேண்டியது ஸ்கீமாவைத்தான்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் நிரல் எழுதும் இந்த நாளில் பழைய நிரலாக்கிகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். ஒரே ஸ்கீமாவை நூறு முறை கொடுத்தாலும் நிரலாக்கி நூறு முறையும் அதே நிரலைத்தான் தரும். மொழி மாதிரியிடம் அந்த உறுதி கிடையாது. ஆகவே இரண்டில் ஒன்று மற்றொன்றை விரட்டிவிடவில்லை. 2023-இல் சாட்ஜிபிடிக்குச் செருகுநிரல்கள் வந்தபோது, வெளி நிறுவனங்கள் தங்கள் சேவையை அதற்கு அறிமுகப்படுத்தியது ஓப்பன்ஏபிஐ கோப்பு மூலம்தான். முன்பதிவு நேரம் என்ற புலத்துக்கு அடியில் 'இந்திய நேரப்படி' என்று யாரோ எழுதி வைத்த விளக்கத்தை நிரலாக்கி வெறும் குறிப்பாக எடுத்து நிரலின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போகும். மொழி மாதிரியோ எந்த நேரத்தை அனுப்புவது என்பதை அந்த இரண்டு சொற்களைப் படித்துத்தான் முடிவு செய்கிறது.