எழுதத் தெரிந்தால் போதும்! இன்டர்நெட்டில் உங்கள் ஊருக்கு ஒரு பக்கம்

கல்பாக்கம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன?

"அணுமின் நிலையம்" என்பீர்கள்.

அதன் பக்கத்திலேயே டச்சுக்காரர்கள் கட்டிய சதுரங்கப்பட்டினம் கோட்டை இருக்கிறது. 1782-ம் ஆண்டு அந்தக் கடலில் ஆங்கிலேயர் கப்பல்களும் பிரெஞ்சுக்காரர் கப்பல்களும் மோதிக்கொண்டன. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அலை கல்பாக்கத்துக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது.

அன்று 40 வயதில் இருந்தவர்கள் இன்று 60-ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கண்ணால் கண்டதை எழுதி வைக்கப்போவது யார்?

"எழுதலாம். ஆனால் இன்டர்நெட்டில் பக்கம் அமைக்க, கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டுமே!" என்கிறீர்களா?

அந்தக் காலம் போய்விட்டது.

அணு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது

வலைப்பக்கத்தின் கதையும் ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தில்தான் தொடங்கியது. ஜெனீவா நகருக்கு அருகே உள்ள "செர்ன்" நிலையம் அது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், 1990-ம் ஆண்டு முதல் கருவியைச் செய்தார். அதில் பக்கத்தைப் படிக்கலாம். அதிலேயே எழுதித் திருத்தவும் செய்யலாம்!

ஆனால் பிறகு உலகெங்கும் பரவிய கருவிகள் படிப்பதற்கு மட்டுமே உதவின. எழுத விரும்பியவர்கள், விவரம் தெரிந்தவர்களைத் தேடி அலைந்தார்கள்.

பஸ் கொடுத்த பெயர்

1995-ம் ஆண்டு வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கங்களை உண்டாக்கினார். அதற்கு "விக்கி" என்று பெயர் வந்தது. ஹவாய் மொழியில் "வேகம்" என்று பொருள். ஹோனலுலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயர் அது!

2003-ம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் மயூரநாதன், ஆரம்ப நாட்களிலேயே அதை வளர்க்கப் பாடுபட்டார். 2017-ம் ஆண்டு அதில் கட்டுரைகள் 1 லட்சத்தை எட்டின.

செங்கல் அடுக்குவது போல

அப்போதும் ஒரு தொல்லை இருந்தது. ஓர் எழுத்தைத் தடிப்பாக்க, முன்னும் பின்னும் மும்மூன்று மேற்கோள் குறிகள் போடவேண்டும். ஒன்றை மறந்தால் வரி கோணலாகிவிடும்.

2013-ம் ஆண்டு முதல், கண்ணால் பார்த்தபடியே திருத்தும் கருவி விக்கிப்பீடியாவில் பரவியது. 2018-ல் "வேர்ட்பிரஸ்" என்ற சாதனத்தில் "குட்டன்பர்க்" கருவி வந்தது. ஆம், அச்சுக்கலைக்குப் புகழ் தேடித்தந்த குட்டன்பர்க்கின் பெயர்தான்! தலைப்பு ஒரு கட்டை, படம் ஒரு கட்டை, பத்தி ஒரு கட்டை. செங்கல் அடுக்குவது போல அடுக்கிக்கொண்டே போகலாம். பிடிக்காவிட்டால் இடம் மாற்றலாம்.

தப்பு செய்துவிட்டால்?

பயப்பட வேண்டாம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிறது. முந்தைய பக்கத்தை உடனே மீட்டுவிடலாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் மறக்கக்கூடாது.

விக்கிப்பீடியாவில் ஏற்கனவே வெளியான, நம்பத்தகுந்த ஆதாரம் கேட்பார்கள். "எங்கள் பாட்டி சொன்னாள்" என்றால் ஏற்கமாட்டார்கள். கோட்டையின் வரலாறு அங்கே போகலாம். சுனாமியில் பாட்டி கண்டதை, உங்கள் சொந்தப் பக்கத்தில்தான் எழுதவேண்டும்.

சொந்தப் பெயரில் முகவரி வாங்கினால் அதற்குச் சந்தா உண்டு. கட்டத் தவறினால் பக்கம் மறைந்துபோகும். ஆகவே எழுதியதற்கு எல்லாம் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால், ஊரைப் பார்க்காத ஒருவர் எழுதுவார். அதைத்தான் நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.

கருவி தயாராக இருக்கிறது. வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். "அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.