மேகம், அவான், கிளவுட்: பெயர் மூன்று, பொருள் ஒன்று

தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை வானத்து மேகத்தை மூன்று பெயரால் அறிகிறது. தமிழில் மேகம், மலாயில் அவான், ஆங்கிலத்தில் கிளவுட். மூன்றையும் பிழையில்லாமல் எழுதிவிட்டால் பிள்ளை தேறிவிட்டது என்று நாமும் மகிழ்கிறோம். அந்தப் பிள்ளையிடம் "மேகம் எதனால் ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள். புகை என்று ஒன்று சொல்லும், நீராவி என்று இன்னொன்று சொல்லும். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டுமே சரியல்ல.

பெயர் தெரிவது வேறு, கருத்து விளங்குவது வேறு. பல்கலைக்கழகங்களில் மூன்று துறையினரின் ஆய்வுகள் இதைத் தொட்டுச் செல்கின்றன. மேகங்களை ஆராயும் வானிலை அறிவியலார் ஒரு பக்கம். கருத்து என்பது மனத்தில் எப்படி அமைகிறது என்று கேட்கும் தத்துவத் துறையினர் ஒரு பக்கம். மொழி கற்பித்தலை ஆராயும் கல்வியாளர்கள் இன்னொரு பக்கம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகள்போல் தோன்றினாலும், பிள்ளையை எந்த மொழியில் படிக்க வைப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு இவை மூன்றும் உதவும்.

மேகத்தின் உள்ளே

நீராவி கண்ணுக்குத் தெரியாது. ஈரக்காற்று மேலே எழும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி தூசி, உப்பு, புகைத்துகள் போன்ற மிகச் சிறிய பொருள்களின்மீது படிந்து நீர்த்துளியாகிறது. உயரே குளிர் மிகுந்த இடத்தில் பனித்துகளாகவும் ஆகும். இவை கோடிக்கணக்கில் கூடியிருப்பதே மேகம். ஒரு மேகத்துளியின் குறுக்களவு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். ஏறக்குறைய 10 லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு கிலோமீட்டர் உள்ள ஒரு சாதாரண வெண்மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும். துளிகள் மிகச் சிறியவை என்பதாலும், கீழிருந்து எழும் காற்று தாங்குவதாலும் அது அப்படியே விழுந்துவிடுவதில்லை.

இந்தக் கருத்து விளங்கிவிட்டால் வேறு பலவும் தாமாகவே விளங்கும். கேமரன் மலையில் சாலையை மறைக்கும் மூடுபனி, தரையைத் தொட்ட மேகம். ஆனால் நம்மை இருமவைக்கும் புகைமூட்டம் மேகமல்ல, அது எரிந்த காட்டின் துகள். புகைமூட்டக் காலத்தில் விமானத்திலிருந்து உப்புக் கரைசலைத் தூவிச் செயற்கை மழைக்கு முயல்கிறார்கள். உப்பைச் சுற்றி நீர் சேர்ந்து துளி பெருக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. அதற்கும் ஏற்ற மேகம் வானத்தில் இருந்தாக வேண்டும். வெறும் வானத்தில் எவ்வளவு உப்பைத் தூவினாலும் மழை வராது.

எல்லை எங்கே?

லண்டனில் மருந்துத் தொழில் செய்துவந்த லூக் ஹாவர்ட் என்பவர் 1802-இல் மேகங்களுக்கு லத்தீன் பெயர்கள் சூட்டினார். கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம், மழை மேகம் என்று நாம் சொல்லும் பிரிவுகள் அவர் வகுத்த வழியில் வந்தவை. இன்று உலக வானிலை அமைப்பு மேகங்களை 10 பெருவகைகளாகப் பிரிக்கிறது. ஊருக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் கண்டதை மற்றவர் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பெயர்கள் வழி செய்தன.

பெயர் வைத்தாயிற்று, ஆனால் ஒரு மேகம் எங்கே முடிகிறது? கீழிருந்து பார்த்தால் வெட்டி வைத்ததுபோல் ஓரம் தெரியும். விமானத்தில் நெருங்கிப் போனால் அப்படி ஓர் ஓரமே இருக்காது. எந்தத் துளிவரை மேகம், எந்தத் துளி வெளியே என்று யாரும் கோடு கிழிக்க முடியாது. பீட்டர் அங்கர் என்ற தத்துவப் பேராசிரியர் 1980-இல் இதே சிக்கலை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்.

அப்படியானால் எல்லை இல்லாத ஒன்றை நாம் எப்படி அறிகிறோம்? அமெரிக்க உளவியலாளர் எலினார் ரோஷ் 1970-களில் செய்த ஆய்வுகள் இதற்கு வழி காட்டின. பறவை என்றதும் மக்கள் மனத்தில் வருவது இலக்கண வரையறை அன்று, அடிக்கடி பார்த்த ஒரு பறவை. நம்மவருக்கு அது காக்கை, மைனா. பெங்குவினும் பறவைதான், ஆனால் அது நினைவுக்கு வரத் தாமதமாகும். கருத்துக்கு நடுவில் நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன, ஓரம் மங்கலாகவே இருக்கிறது. அந்த எடுத்துக்காட்டுகளைப் பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்தும் வீட்டில் பேசும் மொழியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

நம் இலக்கணமும் இதைத் தொட்டிருக்கிறது. 'கார் அறுத்தான்' என்பது ஆகுபெயர்ப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு. கார் என்றால் கருமை. அது கரிய மேகத்துக்குப் பெயராகி, பிறகு மழைக்காலத்துக்கு ஆகி, கடைசியில் அக்காலத்தில் விளையும் நெல்லுக்கும் ஆயிற்று. நிறம், மேகம், பருவம், பயிர் என்ற வரிசை ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. மஞ்சு என்ற சொல்லுக்கு மேகம், மூடுபனி என்ற இரண்டு பொருளும் உண்டு. அறிவியல் சொல்வதும் இவை இரண்டும் ஒன்றே என்பதுதான்.

வகுப்பறைக்கு வருவோம்

ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி, பிள்ளை அன்றாட வாழ்வில் பெறும் கருத்தும் பள்ளியில் பெறும் அறிவியல் கருத்தும் ஒன்றையொன்று தாங்கி வளர்வதாக 1934-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ், ஒருவர் பேசும் இரண்டு மொழிகளுக்கும் அடியில் பொதுவான அறிவுத்தளம் ஒன்று இருக்கிறது என்றார். ஒரு மொழியில் நன்றாகப் புரிந்துகொண்டதை இன்னொரு மொழியில் புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, அதற்கான சொல்லைக் கற்றால் போதும்.

நம் நாட்டில் இது வெறும் ஏட்டு விவகாரமல்ல. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் 2003-இல் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது, பிறகு கைவிடப்பட்டது. 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழில் அறிவியல் படித்தால் முதலாம் படிவத்தில் பிள்ளை தடுமாறுமே என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் நியாயமானதுதான். மலாயும் ஆங்கிலமும் இல்லாமல் இங்கே மேற்கல்வியும் இல்லை, வேலையும் இல்லை. ஆனால் மேகத்தைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் தேவைப்படுவது புதுச் சொற்களும் அவற்றில் பேசி எழுதும் பயிற்சியும்தான். விளங்காத பிள்ளையோ மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதில் வீட்டுக்கும் பங்குண்டு. தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் விடியலில் வானத்தைப் பார்த்தே அன்றைய வேலையைக் கணித்தவர்கள். மரப்பட்டை நனைந்தால் சீவ முடியாது, கோப்பையில் மழை விழுந்தால் பால் வீணாகும், அன்றைய கூலியும் போகும். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் அதிகாலைப் புயல்மழையை அவர்கள் பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வைகாட்ஸ்கி சொன்ன அன்றாடக் கருத்து இதுதான், அது நம் வீட்டில் தமிழில்தான் இருக்கிறது. தாத்தா பாட்டியிடம் பிள்ளை அதைக் கேட்டு வைத்திருந்தால் ஆசிரியர் சொல்லும் பாடம் அதன்மேல் எளிதாக அமரும்.

இன்று மாலையே தொடங்கலாம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் ஏன் வேர்க்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து துளியானதைத் தமிழில் பேசி விளங்க வையுங்கள். வானத்தில் நடப்பதும் இதுதான் என்று காட்டுங்கள். அதன் பிறகு அவான், கிளவுட் என்ற பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். பொருள் விளங்கிய பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் சுமையாக இருக்காது.